கால் சேர்த்து இருக்க ஏலாத பிள்ளைகள்: பிட்டத் தசை இறுக்கமும் சிறுதுளைச் சத்திர சிகிச்சையும்

மக்தபில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஓதிக்கொண்டிருக்கும்போது, ஒரு பிள்ளையின் முழங்கால் மட்டும் அடிக்கடி பக்கத்துப் பிள்ளையின் மடியில் போய் இடிக்கும். "கால சேத்து வெச்சி இரிங்கொ மகன்" என்பார் ஹஸரத். பிள்ளை சேர்த்து வைக்கும். அடுத்த ஆயத்து முடிவதற்குள் முழங்கால்கள் மறுபடியும் விலகிவிடும். கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தாலும் இதே கதைதான். வீட்டில் உம்மா அதட்டினால் "ஏலா உம்மா" என்று பதில் வரும். பெரியவர்களின் காதில் அது "மாட்டேன்" என்று விழுகிறது.

பெரும்பாலான பிள்ளைகளிடம் இது வெறும் குறும்புதான். ஆனால் சில பிள்ளைகள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு மெய்யாகவே ஏலாது. பிட்டத்துத் தசைக்குள் தழும்புக் கயிறு போன்ற ஒன்று இறுகிக் கிடந்து தொடைகளை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறது. இதனை வைத்தியர்கள் பிட்டத் தசை இறுக்கம் என்பார்கள். பெயர் தெரியாததாலேயே பல வருடங்கள் ஏச்சு வாங்கும் நோய் இது. பெயரைத் தெரிந்துகொண்டால் பரிகாரமும் உண்டு என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தசைக்குள் என்ன நடக்கிறது?

நாம் உட்காரும் இடத்தில் உள்ள பெரிய தசை, இடுப்பெலும்பின் பின்புறம் தொடங்கித் தொடையெலும்பின் மேற்பகுதிக்கும், தொடையின் வெளிப்புறமாக முழங்கால் வரை இறங்கும் தடித்த நார்ப்பட்டைக்கும் வந்து சேர்கிறது. எழுந்து நிற்க, படியேற, தொடையை வெளிப்புறம் திருப்ப இதுவே உதவுகிறது. ஆரோக்கியமான தசை, ரப்பரைப் போல நீளவும் சுருங்கவும் கூடியது. குந்தும்போது அது நீண்டு கொடுப்பதால்தான் இரண்டு முழங்கால்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு நம்மால் குந்த முடிகிறது.

இந்தத் தசையின் ஒரு பகுதி சேதமடைந்து, ஆறும்போது தசைநாருக்குப் பதிலாகத் தழும்புநார் அந்த இடத்தை நிரப்பிவிட்டால் அது நீளாது. கையில் தீக்காயம் ஆறிய இடத்துத் தோல் எப்படி இறுகிப்போகிறதோ, அப்படித்தான் உள்ளே தசையும் இறுகுகிறது. இடுப்பு நிமிர்ந்திருக்கும்போது இந்தப் பட்டை அதிகம் தொந்தரவு தராது. ஆகவே பிள்ளை நேராக நிற்கும். ஸஃப்பில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இடுப்பை மடித்து முழங்கால்களைச் சேர்க்கப் போகும்போதுதான் பட்டை விறைத்துத் தடுக்கிறது. தொடையெலும்பின் வெளிப்புறத்தில் கைக்குத் தட்டுப்படும் மேட்டின் மீது அந்தப் பட்டை வழுக்கிப் போவதால், குந்தும்போதும் எழும்பும்போதும் "டக்" என்று ஒரு சத்தமும் சிலருக்கு வரும்.

இன்னொரு விடயம். பிள்ளையின் எலும்பு வளர்கிறது. தழும்புப் பட்டை அதற்கு ஈடாக வளர்வதில்லை. அதனால்தான் இரண்டு மூன்று வயதில் ஏற்பட்ட சேதம், பாடசாலை செல்லும் வயதில் வெளியே தெரிகிறது. அதற்குள் காரணத்தை வீட்டார் மறந்துவிடுகிறார்கள்.

காரணம் எங்கே இருக்கிறது?

பெரும்பாலான நோயாளிகளின் பழைய கதையைக் கிளறினால் ஒரே விடயம் வெளிவருகிறது: சின்ன வயதில் காய்ச்சலுக்கும் தொண்டை நோவுக்கும் பிட்டத்தில் திரும்பத் திரும்பப் போடப்பட்ட ஊசிகள். ஊசி முனை ஏற்படுத்தும் காயம் சிறியது. ஆனால் சில மருந்துகளும் அவற்றைக் கரைக்கும் திரவங்களும் தசையை எரிக்கும் இயல்புடையவை. ஒரே இடத்தில் பல தடவை போடும்போது தசைநார்கள் மடிந்து தழும்பு விழுகிறது. இன்றைக்கு வலப்பக்கம், நாளைக்கு இடப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுவதால் இறுக்கமும் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலும் வருகிறது. ஊசியே போடாத சிலருக்கும் இது வருவதுண்டு. ஊசி போட்ட எல்லாருக்கும் வருவதும் இல்லை. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம் எனக் கருதப்படுகிறது.

இந்த நோயின் பெரிய வரலாறு சீனாவில் இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்குப் பென்சிலின் ஊசி போடும்போது நோவு தெரியாமலிருக்க, பென்சைல் அல்ககோல் என்ற திரவத்தில் அதைக் கரைத்துப் போடும் வழக்கம் பல்லாண்டுகள் இருந்தது. நோவைக் குறைக்கச் சேர்த்த பொருளே தசையைக் கெடுத்தது. சீனப் பிள்ளைகளில் 100 பேருக்கு 1 முதல் 2.5 பேர் வரை பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு வைத்திய ஏடுகள் குறிப்பிடுகின்றன. 2005 இல் பிள்ளைகளுக்கான தசை ஊசிகளில் அத்திரவத்தைப் பயன்படுத்த அந்த அரசு தடை விதித்தது. கிழக்கு உகண்டாவின் கூமி மாவட்டத்திலும் இதே நோய் ஏராளமான பிள்ளைகளிடம் காணப்பட்டது. அங்கே மலேரியாவுக்காகப் பிட்டத்தில் போடப்பட்ட குயினைன் ஊசிகளின் மீதே சந்தேகம் விழுந்தது.

ஜப்பானின் அனுபவம் இதற்குச் சகோதரமானது. அங்கே தொடையின் முன்பக்கத்தில் போட்ட சிகிச்சை ஊசிகளால், முழங்காலை மடக்க முடியாத ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உருவானார்கள். 1973 இல் யமனாஷி மாகாணத்தில் அது பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். தசை ஊசி விடயத்தில் அந்த நாடே எச்சரிக்கையானது.

நமது பக்கத்துக்கு வருவோம். "ஊசி ஒண்டு அடிச்சாத்தான் சொகமாகும்" என்ற நம்பிக்கை கண்டியிலும் கம்பளையிலும் அக்குறணையிலும் மடவளையிலும் நம் வீடுகளில் எவ்வளவு ஆழமானது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. குளிசை மட்டும் தந்து அனுப்பிய டொக்டரை விட்டுவிட்டு ஊசி போடும் டொக்டரைத் தேடிப் போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இது நம்மூருக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. வளர்முக நாடுகளில் வருடத்துக்கு சுமார் 1,600 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும், அவற்றில் 95 சதவீதமளவு நோய்ச் சிகிச்சைக்கானவை என்றும், அவற்றில் பல தேவையற்றவை என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்திருந்தது. தேவையான மருந்தைத் தேவையான அளவில் மட்டும் என்ற கொள்கையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நமது பேராதனை மருத்துவ பீடத்தில் பீடாதிபதியாகப் பணியாற்றிய பேராசிரியர் சேனக பிபிலே என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவருடைய சிந்தனையின் விளைவு.

இதை வாசித்துவிட்டு யாரும் தடுப்பூசியைப் பயப்பட வேண்டாம். அது வேறு, இது வேறு. கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுவது தொடையின் முன்-வெளிப்புறத்தில். பெரிய பிள்ளைகளுக்குத் தோளில். அளவு சிறிது, தடவைகள் சில. மருத்துவமாது தரும் அட்டவணைப்படி தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். குறைக்க வேண்டியது காய்ச்சல் வந்தவுடன் கேட்டு வாங்கிப் போடும் ஊசியை.

தொழுகையில் தெரியும் நோய்

நாற்காலியில் இருந்து மேசையில் சாப்பிடும் ஊரில் இந்த நோய் பல வருடம் மறைந்திருக்கலாம். தரையில் வாழும் நமக்கு அது மறையாது. ஹவுளில் குந்தி ஒளூ செய்வது, குந்தும் மலசலகூடம், பாயில் இருந்து ஓதுவது, சஹன், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாளைக்கு ஐந்து நேரத் தொழுகை.

தொழுகையின் நிலைகளை ஒரு வைத்தியரின் கண்ணோடு பாருங்கள். கியாமில் குறை தெரியாது. சுஜூதில் ஆண்கள் முழங்கால்களைச் சற்று விலக்கி வைப்பது ஷாபிஈ மத்ஹபில் சுன்னத்து என்பதால் ஆண் பிள்ளைக்கு அதுவும் ஓரளவு சமாளிக்கக் கூடியது. ஆனால் பெண்கள் உடலை ஒடுக்கிச் சேர்த்து சுஜூது செய்ய வேண்டும் என்று கற்பிக்கிறோம். இந்த நோயுள்ள பெண் பிள்ளைக்கு அங்கேதான் கஷ்டம் தொடங்குகிறது. நடு இருப்பிலும் கடைசி இருப்பிலும் வலது பாதத்தை நட்டி வைத்து இருக்கும்போது, வலது இடுப்பு சற்று உட்புறமாகத் திரும்ப வேண்டும். இறுக்கமுள்ள இடுப்பு திரும்பாது. பிள்ளை சாய்ந்து, கோணி, இருப்பதுபோல் இருந்துவிட்டு எழும்பும். அவசரக்குடுக்கை என்று பெயர் வாங்கும்.

இப்படிப்பட்டவருக்கு மார்க்கம் நெருக்கடி வைக்கவில்லை. நின்று தொழ முடியாதவர் இருந்தும், அதுவும் இயலாதவர் சாய்ந்து படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு வழிகாட்டியதை நாம் அறிவோம். இயன்றபடி இருப்பதே அவருக்குப் போதும். அதேநேரம் மருந்து தேடுவதையும் மார்க்கம் தூண்டுகிறது. சலுகை இருக்கிறது என்பதற்காகப் பரிகாரமுள்ள நோயோடு ஒரு பிள்ளையை ஆயுள் முழுக்க விட்டுவைப்பது நியாயமாகாது.

வீட்டில் பார்க்கக் கூடியவை

இரண்டு பாதங்களையும் ஒட்டி, முழங்கால்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு பிள்ளையைக் குந்தச் சொல்லுங்கள். இறுக்கமுள்ள பிள்ளை பின்னால் விழப் பார்க்கும், அல்லது முழங்கால்களைத் தவளைபோல் அகட்டிக்கொண்டுதான் கீழே போகும். கதிரையில் இருத்தி ஒரு தொடைமேல் மற்றத் தொடையைப் போடச் சொல்லுங்கள், ஏலாமல் போகும். நடக்கும்போது பாதங்கள் வெளிப்புறம் திரும்பியிருக்கும். ஓடும்போது துள்ளித் துள்ளி ஓடுவதுபோல் தெரியும். பிட்டத்தின் மேற்புறம் சதை வற்றி, தோலில் ஒரு குழி விழுந்திருக்கலாம். ஒரு பக்கத்தில் மட்டும் இறுக்கம் இருந்தால் இடுப்பு சரிந்து, ஒரு கால் நீளமாகத் தோன்றும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பத்து வயதுக்கு மேற்பட்ட, குறிப்பாக உடல் பருத்த பிள்ளைக்கு, அண்மையில் தொடையிடுக்கிலோ முழங்காலிலோ நோவு வந்து, நொண்டி நடந்து, இடுப்பை மடிக்கும்போது கால் தானாக வெளிப்புறம் திரும்பினால் அது வேறு நோயாக இருக்கலாம். தொடையெலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து வழுக்கிவிடும் நோய் அது. அதில் நாட்கடத்தவே கூடாது. பிள்ளையை நடக்கவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தசை இறுக்கம் வருடக்கணக்காக மெல்ல வருவது, பெரும்பாலும் நோவில்லாதது. இரண்டையும் பிரித்தறிய எக்ஸ்ரே தேவை. தழும்புப் பட்டை எவ்வளவு ஆழம் என்பதை அறிய எம்.ஆர்.ஐ. உதவும்.

உருவினால் கரையுமா?

இது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. தொடக்க நிலையில், இறுக்கம் லேசாக இருக்கும்போது, முறையான நீட்டல் பயிற்சிகள் பலன் தரலாம். கயிறுபோல் தடித்துவிட்ட பட்டையை எந்தத் தைலமும் எந்த உருவலும் கரைக்காது. பலவந்தமாக உருவினால் புதிய காயமும் புதிய தழும்பும்தான் மிச்சம். அந்த நிலையில் பட்டையை அறுத்து விடுவிப்பது ஒன்றே வழி.

முன்பு இதற்குப் பிட்டத்தின் பக்கவாட்டில் நீளமாகத் தோலை வெட்டித் திறப்பார்கள். பட்டை கண்ணுக்கு நேரே தெரியும்; அறுப்பது எளிது. ஆனால் காயம் பெரிது, இரத்தம் கட்டும் வாய்ப்பு அதிகம், எழும்பி நடக்க நாளாகும், தழும்பும் நிலைக்கும். இன்று பல நாடுகளில் இதே வேலையைச் சிறு துளைகள் வழியே செய்கிறார்கள்.

அந்தக் கருவியின் பிறப்பையும் கேளுங்கள். மூட்டுக்குள் விடும் குழாய்க் கண்ணாடியான ஆர்த்ரோஸ்கோப்பின் முன்னோடிகளில் ஒருவர் ஜப்பானியரான கெஞ்சி தகாகி. காசநோயால் முழங்கால் விறைத்துப்போன நோயாளிகளை அவர் பார்த்தார். முழந்தாளிட்டுத் தரையில் இருக்கும் சமூகத்தில் விறைத்த முழங்கால் என்பது பெரிய ஊனம். நோயை முன்கூட்டியே உள்ளே பார்த்துவிட முடியாதா என்ற தேட்டத்தில், 1918 இல், சிறுநீர்ப்பை பார்க்கும் குழாயைக் கொண்டு இறந்த உடலொன்றின் முழங்காலுக்குள் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனபே அதனை நடைமுறைக்குரிய கருவியாக வளர்த்தெடுத்தார். தரையில் இருக்கும் மக்களின் தேவையிலிருந்து பிறந்த கருவி, தரையில் இருந்து தொழும் நமக்கும் உதவுவது பொருத்தமாகவே இருக்கிறது.

சிறு துளை வழியே

நோயாளிக்கு முழு மயக்கமோ முதுகில் போடும் மரமரப்பு ஊசியோ கொடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார்கள். தொடையெலும்பின் மேடு எங்கே, பட்டையின் ஓரங்கள் எங்கே, காலுக்குப் போகும் பெருநரம்பு எந்த வழியாக ஓடுகிறது என்பதைத் தோலின் மேல் பேனையால் வரைந்துகொள்கிறார் நிபுணர். அந்த நரம்பு மேட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. இந்தச் சிகிச்சையின் மிகப் பெரிய எச்சரிக்கை அதுதான்.

பிறகு ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவான இரண்டு அல்லது மூன்று துளைகள். ஒன்றின் வழியே கமரா போகிறது. மற்றதன் வழியே கருவி. கமரா மூட்டுக்குள் போவதில்லை. தோலுக்கும் பட்டைக்கும் இடையே, கொழுப்பைப் பிரித்து ஒரு சிறு வெளியை உண்டாக்கி, அதில் உப்புநீரை ஓடவிட்டு, வெண்மையாக விறைத்து நிற்கும் பட்டையைத் திரையில் பார்க்கிறார்கள். உயர் அதிர்வெண் மின்சாரத்தில் இயங்கும் மெல்லிய கோலினால் அந்தப் பட்டையை மேலிருந்து உள்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறார்கள். அந்தக் கோல் அறுக்கும்போதே இரத்தக் குழாய்களையும் சுட்டு மூடிவிடும்.

சுட்டு இரத்தத்தை நிறுத்தும் கலை நமது முன்னோருக்குப் புதிதல்ல. குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (936–1013) தமது அத்தஸ்ரீஃப் நூலின் 30 ஆவது பகுதியைச் சத்திர சிகிச்சைக்கென ஒதுக்கினார். அதன் முதல் பாகம் சூடுபோடும் முறைகளைப் பற்றியது. கருவிகளை வரைந்து காட்டிய அவர், உடற்கூற்றை அறியாமல் கத்தியை எடுக்கக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார். இன்று தோலின் மேல் நரம்பை வரைந்துகொள்ளும் நிபுணரும் அதே ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறார்.

அறுக்கும் இடையிலேயே காலை மடித்து, உட்புறம் சேர்த்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். இன்னும் தடுத்தால் இன்னும் சற்று அறுப்பு. "டக்" சத்தம் நின்று தொடை தடையின்றிச் சேர்ந்தால் போதும். தேவைக்கு மேல் அறுத்தால் இடுப்பைத் தாங்கும் தசை பலவீனமாகி நடை ஆடும். எங்கே நிறுத்துவது என்று அறிவதில்தான் அனுபவம் இருக்கிறது.

2009 இல் பீஜிங் நிபுணர்கள், இரண்டு பக்கமும் இறுகிய 108 நோயாளிகளுக்கு இம்முறையில் செய்த சிகிச்சையின் விளைவுகளை வெளியிட்டார்கள். அதன்பின் வந்த ஒப்பீடுகளின் சாரம் இது: இடுப்பின் இயக்கம் மீள்வதில் இரண்டு முறைகளும் ஏறத்தாழ சமம், நோவு, காயத்தின் அளவு, வைத்தியசாலையில் தங்கும் நாட்கள் ஆகியவற்றில் சிறுதுளை முறை மேல். ஆழமாகப் பரவிய கடுமையான இறுக்கத்துக்குத் திறந்து செய்வதே பாதுகாப்பானது என நிபுணர் தீர்மானிக்கவும் கூடும். அப்படிச் சொன்னால் அவரைப் பழைய ஆள் என்று நினைக்க வேண்டாம். இரத்தக்கட்டு, நரம்புச் சேதம், மறுபடி ஒட்டிக்கொள்வது ஆகிய ஆபத்துகள் இரண்டு முறையிலும் உண்டு.

பாதி வேலை வீட்டில்

சத்திர சிகிச்சை முடிந்ததும் முழங்கால்களைச் சேர்த்து ஒரு நாளளவு பட்டியால் கட்டி வைப்பார்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பயிற்சி தொடங்கிவிடும். அறுபட்ட இடம் ஆறத்தான் போகிறது. இறுகி ஆறுவதா நீண்டு ஆறுவதா என்பதைப் பயிற்சியே முடிவு செய்கிறது. மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். நோவென்று நிறுத்திய பிள்ளைக்குப் பழைய இறுக்கம் திரும்பி வரலாம்.

பயிற்சிகள் எளியவை. நிலத்தில் கோடு கீறி, ஒரு காலுக்கு முன்னே மறுகாலைக் குறுக்காக வைத்து நடப்பது. முழங்கால்களை ஒட்டிக் குந்தி எழும்புவது. கதிரையில் இருந்து கால்மேல் கால் போடுவது. கடைசியாகச் சொன்னதில்தான் நம் வீடுகளில் சிக்கல் வரும். "பெரிய மனிசருக்கு முன்னால காலுக்கு மேல கால் போட்டுக்கொண்டு ஈக்கிய?" என்று அப்பா கேட்பார். "இது மருந்து, அப்பா" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தொழுகையை முதலில் கதிரையிலும், காயம் ஆறியபின் இயன்ற அளவு தரையிலும் தொடரலாம். எப்போது தரைக்கு இறங்குவது என்பதை நிபுணரிடமும் இயன்மருத்துவரிடமும் கேளுங்கள். அதன்பின் இரண்டு சுஜூதுகளுக்கிடையிலான இருப்பே பிள்ளைக்கு அன்றாடப் பயிற்சியாகிவிடும்.

எங்கே தொடங்குவது?

உங்கள் ஊர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தொடங்கலாம். "இந்தப் புள்ளைக்கு காலச் சேத்து வெச்சு குந்த ஏலா" என்று அந்த ஒரே வசனத்தைச் சொல்லிக் குந்திக் காட்டச் சொல்லுங்கள். அங்கிருந்து என்பியல் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். கண்டி தேசிய வைத்தியசாலையும், பேராதனைப் போதனா வைத்தியசாலையும், சிறுவருக்கென்றே அமைந்த பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலையும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சத்திர சிகிச்சை என்று முடிவானால் நிபுணரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் பிள்ளைக்குத் திறந்து செய்வதா, துளை வழியா, ஏன்? நரம்பு எவ்வளவு அருகில் இருக்கிறது? பயிற்சியை யார், எத்தனை மாதம் பார்ப்பார்கள்? நல்ல நிபுணர் இக்கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

ஓதிக் கொடுக்கும் ஹஸரத்மாருக்கும் உஸ்தாத்மாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் முன்னால் வருடக்கணக்கில் தரையில் இருப்பவர்கள் இந்தப் பிள்ளைகள். டொக்டர் ஐந்து நிமிடம் பார்ப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அடுத்த தடவை ஒரு பிள்ளை கால் சேர்க்க ஏலாது என்றால், ஏசுவதற்கு முன் எழும்பிக் குந்திக் காட்டச் சொல்லுங்கள். குந்த முடியாமல் பின்னால் சாய்ந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை, அந்தப் பிள்ளையின் ஆயுள் முழுக்கத் தொழும் தொழுகைக்கு நீங்கள் செய்யும் உதவியாக அமையும், இன்ஷா அல்லாஹ்.